சங்கு யாருடையது? முன்கூட்டிக் கேட்க முடியாத ஒரு கேள்வி

பழைய மதராஸ் ஹைகோர்ட் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டுவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சட்டம் படிக்க இல்லை. ஊர்ப்பெயர்கள், தொழில்பெயர்கள், யார் யாரோடு எதற்காகச் சண்டை போட்டார்கள் என்கிற விவரங்கள், இதெல்லாம் வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு அதில் கிடைக்கும். அப்படித்தான் 27-ஆம் தொகுதியில், 551-ஆம் பக்கத்தில், 1904-இல் அச்சான ஒரு வழக்கில் போய் நின்றேன். தலைப்பு: அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல்.

தலைப்பைப் பார்த்ததுமே கதை பாதி புரிந்துவிடும். ஒரு பக்கம் பெயரின் வாலில் 'பிள்ளை', இன்னொரு பக்கம் 'பயல்'. சங்கு எடுத்ததற்காகத் திருட்டு வழக்கு. கடலுக்கு அடியில் கிடந்த சங்கை.

சட்டம் படித்தவர்கள் இந்த வழக்கைப் பாக் விரிகுடா யாருடைய கடல் என்கிற விவாதத்துக்காக இன்னமும் மேற்கோள் காட்டுகிறார்கள். சர்வதேசக் கடல் சட்டப் புத்தகங்களில்கூட வரும். எனக்கு அதில் உறுத்தியது வேறு. 'இந்தச் சங்கை நான் எடுக்கலாமா?' என்ற கேள்விக்கு முத்துப்பயலுக்குப் பதில் கிடைத்த விதம். எடுத்த பிறகு, பிடிபட்ட பிறகு, திருடன் என்று எழுதப்பட்ட பிறகு, ஹைகோர்ட்டில் வைத்து. இறங்குவதற்கு முன்னால் அதைக் கேட்க அவருக்கு ஒரு இடம் இருந்ததா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் கரையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தூத்துக்குடியை மையமாக வைத்தால் தெற்கே மணப்பாடு, வடக்கே வேம்பார், கீழக்கரை, அதற்கும் மேலே ராமேஸ்வரம். ராமேஸ்வரத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. இந்தக் கடலடியில் இரண்டு சொத்துகள். ஒன்று முத்துச்சிப்பி, அது கிடக்கிற பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். மற்றது சங்கு, அது மணலில் கிடக்கும். தூத்துக்குடிக் கரையில் இரண்டுமே அரசாங்கச் சொத்து. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் காலத்திலும் கம்பெனிக்குத்தான் முதல் உரிமை, 1825-இல் ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாக வந்த பிறகும் அப்படித்தான். ராமநாதபுரம் ஜமீன் கரையில் மட்டும் சங்கு ராஜாவுடையது. அவர் அதைக் குத்தகைக்கு விடுவார். எடுத்த சங்கில் பெரும்பகுதி வங்காளத்துக்கு, வளையல் அறுக்கப் போகும்.

முத்து விஷயத்தில் அரசாங்கம் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எல்லாமே முன்கூட்டியே சொல்லப்பட்டது. வருஷா வருஷம் பார்களைப் போய்ப் பார்ப்பார்கள். சிப்பி முதிர்ந்திருந்தால் மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்புப் போடுவார்கள். மதிப்பு தேறினால்தான் முத்துக்குளிப்பு உண்டு. உண்டு என்றால் அதை அறிவிப்பார்கள்: எந்தப் பார், எந்த நாள், எங்கே முகாம். குளிக்கிறவனுக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் இரண்டு பங்கு சர்க்காருக்கு, அது ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். 1889-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் நடந்த முத்துக்குளிப்பை மதராஸ் மியூசியத்தின் சூப்பரின்டெண்டன்ட் எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். வெறும் மணல்மேட்டில் ஒரு தற்காலிக ஊரே முளைத்து, சில வாரங்களில் கலைந்து போகும்.

(சுறாவிடம்கூட முன்கூட்டியே உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். 'கடல் கட்டி' என்று ஒரு ஆள் இருப்பார். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டினால்தான் குளியாட்கள் இறங்குவார்கள். மார்க்கோ போலோ காலத்தில் அவருக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு. ராஜாவுக்குப் பத்தில் ஒன்று. மந்திரத்தின் மரியாதை அப்படி.)

ஏன் முத்துக்கு மட்டும் இவ்வளவு சுத்தம்? காரணம் எளிது. பம்பாயிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வியாபாரி பணத்தோடு வரணும். விதி தெரியாத இடத்துக்குப் பணம் வராது. யாரை வரவழைக்கணுமோ அவனுக்கு அரசாங்கம் முன்னாலேயே வாயைத் திறந்து பேசும். சங்கு அப்படி இல்லை. அது ஆண்டு முழுக்க ஓசையில்லாமல் நடக்கிற தொழில். குத்தகைக்காரர், அவருடைய ஆட்கள், அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒருவன் குதித்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை.

சரி, வழக்குக்கு வருவோம். பாக் விரிகுடாவில், ராமநாதபுரம் ஜமீன் கரைக்கு எதிரே உள்ள சங்குப் படுகையில் சிலர் சங்கு எடுத்தார்கள். படுகை ராஜாவின் குத்தகையில் இருந்தது. திருட்டு என்று புகார் போனது.

எதிர்த்தரப்பின் கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. தண்டனைச் சட்டம் 378-ஆம் பிரிவின்படி, ஒருவர் வசம் இருக்கிற பொருளை எடுத்தால்தான் திருட்டு. கடலில் திரிகிற உயிர் யார் வசம் இருக்கிறது? ஆற்றிலும் கடலிலும் திரிகிற மீனைப் பிடித்தால் திருட்டு ஆகாது என்பது அன்றைக்கே கோர்ட்டுகள் ஒப்புக்கொண்ட விஷயம். சங்கும் உயிர்தானே? அப்புறம் இன்னொரு சிக்கல். கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் எந்த அரசனுக்கும் அதிகாரம் இல்லை என்று அன்றைய உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் நடந்ததை இந்த ஊர் கோர்ட்டு எப்படி விசாரிக்கும்?

ஹைகோர்ட் இரண்டையும் ஏற்கவில்லை. சங்குப் படுகை தலைமுறை தலைமுறையாக ஒருவர் கையிலேயே இருந்து வந்திருக்கிறது, அதனால் அதிலுள்ள சங்கைத் திருட முடியும் என்றது. பாக் விரிகுடாவோ, சுற்றளவில் ஒன்பதில் எட்டுப் பங்கு பிரிட்டிஷ் மன்னரின் நிலத்தால் சூழப்பட்டது, இரு கரை மக்களும் காலங்காலமாகப் புழங்கி வருவது, அதைத் திறந்த கடல் என்று சொல்ல முடியாது என்றது. 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்று பிற்காலத்தில் பெரிய பெரிய வார்த்தையில் பேசப்பட்ட விஷயம் இது. அதற்கு ஆதாரமாகக் கிடைத்தது ஒரு சங்குத் திருட்டு வழக்கு.

அந்தத் தீர்ப்பு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மீன் ஓடும், சங்கு ஊரும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது ஏற்கக்கூடிய வாதம்தான். ஆனால் இவ்வளவு சிக்கலான கேள்வி, மூன்று மைலும் முந்நூறு வருஷ வழக்கமும் சேர்த்துப் பார்த்துத்தான் நீதிபதிகளே பதில் சொல்ல முடிந்த கேள்வி, அதற்கான பதிலை முத்துப்பயல் மட்டும் கடலில் குதிக்கும்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று ஆகிறது இல்லையா?

சட்டத்தில் அப்போது முன்கூட்டிக் கேட்க வழியே இல்லையா என்றால், இருந்தது. நம்ம ஊர் கோர்ட்டுகளில் 'விளம்புகைப் பரிகாரம்' என்று சொல்வார்கள். 1877-ஆம் வருஷத்துக் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. 1963-இல் புதிதாக எழுதியபோது அது 34-ஆம் பிரிவானது. 'எனக்குப் பணம் வேண்டாம், நிலத்தை மீட்டுத் தர வேண்டாம். எனக்கு இந்த உரிமை உண்டு என்று மட்டும் சொல்லுங்கள்' என்று கேட்கும் வழக்கு. எனக்கு இந்தப் பிரிவு ரொம்பப் பிடிக்கும். சண்டை வருமுன் பேசச் சொல்கிற சட்டங்கள் குறைவு.

ஆனால் அதன் வாசல் குறுகலானது. உங்களுக்கு ஒரு சொத்துரிமையோ சட்டப்பூர்வமான ஒரு தகுதியோ இருக்கணும், அதை ஒருவர் மறுத்திருக்கணும். முத்துக்குத் தலைமுறை உரிமை கேட்ட பரதவர் ஜாதித் தலைவர் மாதிரி ஆளுக்கு அது பொருந்தும். இரண்டு கைகளும் ஒரு மூச்சும் மட்டுமே சொத்தாக உள்ள குளியாளுக்கு? விளம்புகை மட்டும் கேட்கும் வழக்குக்கு 1870-ஆம் வருஷக் கட்டணச் சட்டப்படி 10 ரூபாய் ஸ்டாம்பு. அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. வக்கீல் தனி. எதிராளி சர்க்கார் என்றால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்கணும். அதுவும் 'இந்தியா மந்திரி' என்று லண்டனில் இருக்கிற ஒருவர் பெயருக்கு வழக்குப் போடணும். சங்குக்கான பருவம் அதற்குள் முடிந்துவிடும்.

காசும் காகிதமும் உள்ளவர்கள் இதே கேள்வியைத் திருடன் ஆகாமலேயே கேட்டிருக்கிறார்கள். கோதாவரி முகத்துவாரத்தில் கடலுக்குள் புதிதாகத் தோன்றிய தீவுகளை வனமாக அறிவிக்க அரசாங்கம் முனைந்தது. மதராஸ் வனச் சட்டப்படி, அப்படி அறிவிக்குமுன் 'உரிமை உள்ளவர்கள் வந்து சொல்லுங்கள்' என்று கூப்பிட்டு ஒரு அதிகாரி விசாரிக்கணும். உரிமை கோரியவர்கள் போனார்கள், சொன்னார்கள், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1916-இல் தோற்றார்கள். மூன்று மைலுக்குள் தோன்றும் தீவு மன்னருடையது என்று முடிந்தது. தோற்றாலும் யாரும் கைதாகவில்லை. ராமநாதபுரம் சங்குப் படுகைக்காக ஜமீன் ஒழிந்த பிறகு, 1953-இல் ஒரு குத்தகை நிறுவனம் மதராஸ் அரசாங்கத்தை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போனபோதும் நிலைமை அதுதான். குத்தகைப் பத்திரம் உள்ளவர் மனுதாரர் ஆகிறார். அது இல்லாதவர் குற்றவாளி ஆகிறார்.

இங்கிலாந்தில் இதே காலத்தில் ஒரு அழகான வழக்கு நடந்தது. 1910-இல் நிலவரிக்காக நில உரிமையாளர்களுக்கு 80 லட்சத்துக்கும் மேலான படிவங்களை அனுப்பினார்கள். 30 நாளில் நிரப்பித் தராவிட்டால் 50 பவுண்டு வரை அபராதம். டைசன் என்பவர் நிரப்பவில்லை. அபராதம் போடட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. 'இந்தப் படிவத்தைக் கேட்க உங்களுக்கு அதிகாரமே இல்லை என்று அறிவியுங்கள்' என்று அட்டர்னி ஜெனரல் மீதே வழக்குப் போட்டார். தண்டனை வாங்கித்தான் ஒருவன் தன் உரிமையைத் தெரிந்துகொள்ளணும் என்பது சரியில்லை என்று அப்பீல் கோர்ட் ஏற்றுக்கொண்டது. 1911-ஆம் வருஷத் தொகுதியில் இருக்கிறது. கடைசியில் டைசன் ஜெயித்தார். அமெரிக்கர்கள் ஒரு படி மேலே போனார்கள். 1946-ஆம் வருஷ நிர்வாக நடைமுறைச் சட்டத்தில், குழப்பத்தைத் தீர்க்க அரசுத் துறையே முன்கூட்டி அறிவிப்பு ஆணை தரலாம் என்று எழுதிவிட்டார்கள். கோர்ட்டுக்கே போகவேண்டாம். தரணுமா வேண்டாமா என்பது துறையின் விருப்பம், அது வேற விஷயம்.

நம்மிடம் அப்படி எதுவும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். "யோவ், எங்களுக்கு இருக்குய்யா. அட்வான்ஸ் ரூலிங்." சரக்கு கப்பல் ஏறுமுன்பே, இது எந்தத் தலைப்பில் வரும், எவ்வளவு தீர்வை என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடலாம். வருமான வரிக்கு 1993-இல் வந்தது, சுங்கத்துக்கு 1999-இல் வந்தது, ஜிஎஸ்டிக்கு 2017-இல் சட்டத்தோடேயே வந்தது. ஜிஎஸ்டியில் 90 நாளுக்குள் பதில் தரணும். தந்த பதில் கேட்டவரையும் அவருக்குரிய அதிகாரியையும் கட்டுப்படுத்தும். பிறகு மனசு மாறி நோட்டீஸ் விட முடியாது.

1889-இன் முத்து வியாபாரி நினைவுக்கு வந்தார். அதே துறைமுகம், அதே தர்க்கம். முதலீடு வரணும் என்றால் விதியை முன்னால் சொல்லணும்.

இப்போது சங்கு குளிக்கிறவர்களிடம் வருவோம். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதன்பின் பார்களில் சிப்பி தேறவில்லை. சங்கு மட்டும் தொடர்கிறது. திரேஸ்புரம் கரையில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தபோது, அறுபது தாண்டிய ஒரு குளியாள் 2001-ஐப் பற்றிச் சொன்னார்.

அந்த வருஷம் ஜூலையில் மத்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் உயிர்களைச் சேர்த்தது. கடல் அட்டை மொத்தமும் உள்ளே போனது. சுறா, திருக்கை வகைகளும் மொத்தமாகப் போயின. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே அட்டவணை. மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை போகும் குற்றம். மீனவர்கள் கொந்தளித்தார்கள், டிசம்பரில் சுறாப் பட்டியலைச் சுருக்கிச் சில இனங்களோடு நிறுத்தினார்கள். கடல் அட்டை அப்படியே இருக்கிறது. எதிர்க்கரையில், இலங்கையில், லைசன்ஸ் எடுத்து அதே அட்டையைப் பிடிக்கலாம். 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் தொழில்.

"எங்ககிட்ட யாரு தம்பி சொன்னா?" என்றார் அவர். "ஒருத்தன பிடிச்சிட்டுப் போனாங்க. அதுலதான் தெரிஞ்சிது."

அட்டை அழிந்துகொண்டிருந்தது, தடைக்குக் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அதை எப்படித் தெரியப்படுத்தினார்கள் என்பதில்தான் என் சண்டை. கெஜட்டில் வந்துவிட்டால் நாட்டுக்கே தெரிந்ததாகக் கணக்கு. சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சரி, தெரிந்துகொள்ளக் கேட்டால்?

நானே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். ஒரு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. சங்கு குளிக்கும்போது கையில் வருகிற மற்ற சங்கு, சிப்பி வகைகளில் எவை தடை, எவை தடையில்லை, தமிழ்ப் பெயரோடு பட்டியல் உண்டா? இன்ன வகையை எடுத்தால் குற்றமா? பதில் வந்தது: கேட்டது விளக்கம், 'தகவல்' என்பதற்குள் வராது. கோபம் வந்தது. ஆனால் சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். கையில் இருக்கிற காகிதத்தைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்கலாம், புதிதாக ஒரு கருத்தைச் சொல்லும்படி கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-இல் சிபிஎஸ்இ வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது மதுரைக் கிளையில் ரிட் மனு. நம் ஹைகோர்ட்டில் 'ரிட் ஆஃப் டிக்ளரேஷன்' என்றே ஒரு வகை புழக்கத்தில் உண்டு. இறங்குமுன் கேட்க நினைக்கும் குளியாள் அதற்கு வக்கீல் பிடித்து மதுரைக்குப் போகணும். கண்டெய்னர்காரருக்குப் படிவமும் 90 நாளும்.

வனவிலங்குச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது என்பதையும் சொல்லணும். தேசியப் பூங்கா அமைக்குமுன் கலெக்டர் அந்தந்த ஊரில், அந்தந்த மொழியில் பிரகடனம் செய்து, இரண்டு மாதத்துக்குள் உரிமைகளைச் சொல்லச் சொல்லணும், விசாரிக்கணும். கோதாவரித் தீவுக்காரர்களுக்குக் கிடைத்த அதே வாய்ப்பு. இடத்தைப் பாதுகாத்தால் கேட்கிறார்கள். உயிரினத்தை அட்டவணையில் சேர்த்தால் அந்தக் கேள்வியே கிடையாது, ஒரு அறிவிக்கை போதும். வான் தீவைச் சுற்றி மீன்பிடிக்கிறவனுக்கு வாய் இருக்கிறது. அட்டை எடுத்தவனுக்கு இல்லை.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் சாக்கிலிருந்து ஒரு ஐவிரல் சங்கை எடுத்துக் காட்டினார். அந்தப் பெயரில் நாம் ஒன்றாகச் சொல்கிற வகைகளில் சில இனங்கள் 2001-இல் பட்டியலுக்குள் போனவை. "இது கூடுமா கூடாதா, நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க" என்றார். போனில் அறிவிக்கையைத் திறந்தேன். எல்லாம் லத்தீன் பெயர், படம் கிடையாது. விரல்களை எண்ணினேன், நிறத்தைப் பார்த்தேன், மூன்று பெயர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சங்கை என் கையிலிருந்து வாங்கி, வல்லத்துக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் போட்டுவிட்டு, சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.